குதிரையும் கணக்கும்

குதிரைப் பந்தயத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு பேச்சா என்று, இதனைக் கேட்கும் பெற்றோரில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் சுளிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பாண்டவர் நாடிழந்ததும் நளன் காடு சென்றதும் சூதினால் என்பதை நம் வீட்டுப் பாட்டிமாரும் அறிவர். ஆயினும், ஒன்று எவ்வாறு இயங்குகிறது என்பதே தெரியாமல் விலகி நிற்பவன், நண்பன் ஒருவன் கையைப் பிடித்து இழுத்த அன்றே உள்ளே போய்விடுகிறான். இதை நான் என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்லுகிறேன். அந்தக் கதை பின்னால் வரும்.

நான் வளர்ந்தது நீலகிரியில். உதகமண்டலத்தின் ஏரி, 1824-ஆம் ஆண்டில் ஜான் சலிவன் உருவாக்கத் தொடங்கியபோது, இன்றுள்ளதைக் காட்டிலும் மிகப் பெரிதாக இருந்தது. அது நாளடைவில் சுருங்கியபோது வெளிப்பட்ட நிலத்திலேதான் பேருந்து நிலையமும் பந்தயத் திடலும் அமைந்தன. மேடும் பள்ளமுமான இம்மலையில் குதிரை ஓடுவதற்கு வேண்டிய சமநிலம் வேறு எங்கே கிடைக்கும்? கிண்டியில் வெயில் கொளுத்தும் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சென்னைப் பந்தயக் கழகத்தார் தம் பந்தயங்களை இங்கே நடத்தி வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய வழக்கம் அது. நீலகிரி டெர்பி நடைபெறும் நாளில், இரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்து செல்லவே வழி கிடைக்காது. கோட்டும் தொப்பியும் அணிந்த கனவான்கள் ஒரு புறம். கம்பளி போர்த்திய தோட்டத் தொழிலாளரும், மார்க்கெட்டுக்கு உருளைக்கிழங்கு கொண்டுவந்த விவசாயிகளும் மற்றொரு புறம். பிந்திய கூட்டத்தில் ஒருவனாகத்தான் நானும் நின்றேன்.

அங்கே நின்று கேட்டால், நூறு பேர் நூறு விதமாகப் பேசுவார்கள். ஆனால் எல்லாருடைய பேச்சிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். அதுதான் 'ஹாண்டிகேப்' என்பது. பந்தயத்தின் உயிர்நிலை இதிலேதான் இருக்கிறது. ஆகையால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் முற்காலத்தில் ஒரு பண்டமாற்று விளையாட்டு இருந்தது. இருவர் தம் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்பினால், நடுவர் ஒருவர் இரண்டையும் மதிப்பிட்டு, தாழ்ந்த பொருளை உடையவர் எவ்வளவு பணம் சேர்த்துத் தரவேண்டும் என்று சொல்லுவார். முன்பணம் இட்ட தொப்பிக்குள் கையை விட்டு எடுப்பதன் மூலம் ஒவ்வொருவரும் தம் சம்மதத்தையோ மறுப்பையோ தெரிவிப்பர். 'தொப்பிக்குள் கை' என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடர் திரிந்து 'ஹாண்டிகேப்' ஆயிற்று. இரண்டு சமமற்ற பொருள்களைச் சமமாக்குவது என்ற கருத்து அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு குதிரைப் பந்தயத்துக்குள் புகுந்தது.

வலிய குதிரையையும் எளிய குதிரையையும் ஒன்றாக ஓடவிட்டால் வலியதே வெல்லும். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே வலிய குதிரையின்மீது கூடுதலான சுமையை ஏற்றுகிறார்கள். ஜாக்கியின் எடை, சேணத்தின் எடை இரண்டையும் சேர்த்து, குறை இருந்தால் ஈயத் தகடுகளை வைத்து நிரப்புகிறார்கள். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறியாக வேண்டும். இத்தொழிலை ஒரு சாத்திரமாக்கியவர் ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த அட்மிரல் ரூஸ் என்பவர். 1855-ஆம் ஆண்டில் அவர் பந்தயங்களுக்குச் சுமை வகுக்கும் பொது அதிகாரியானார். இளங்குதிரை முதிர்ந்த குதிரையோடு ஓடும்போது எந்த மாதத்தில், எந்தத் தூரத்துக்கு, எவ்வளவு சலுகை பெறவேண்டும் என்று அவர் வகுத்த அட்டவணையே பிற்கால அட்டவணைகளுக்கெல்லாம் மூலம்.

நம் நாட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மதிப்பெண் தருகிறார்கள். தேர்வில் நீங்கள் பெறும் மதிப்பெண்ணைப் போலத்தான். ஆனால் இங்கே கூடுதல் மதிப்பெண் பெற்றவனுக்குப் பரிசு கூடுதல் சுமை! ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ என்பது கணக்கு. 60 மதிப்பெண் பெற்ற குதிரை 60 கிலோ சுமந்தால், அதே பந்தயத்தில் 40 மதிப்பெண் பெற்றது 50 கிலோ சுமக்கும். வென்ற குதிரையின் மதிப்பெண் உயரும். தொடர்ந்து தோற்றதன் மதிப்பெண் இறங்கும். குறுகிய தூரத்தில் ஒரு குதிரை நீள வித்தியாசம் ஏறத்தாழ 3 பவுண்டு சுமைக்குச் சமம் என்பதும், தூரம் கூடக் கூட அதே வித்தியாசத்துக்கு ஈடான சுமை குறையும் என்பதும் பழைய வாய்பாடு.

இதில் ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். சுமை வகுப்பவரின் நோக்கம் என்ன? எல்லாக் குதிரைகளும் ஒரே கணத்தில் வெற்றிக் கம்பத்தைக் கடக்க வேண்டும் என்பதே அவர் கனவு. அதாவது, எந்தக் குதிரை சிறந்தது என்று நீங்கள் அரும்பாடுபட்டுக் கண்டறியும் உண்மையை, உங்களுக்கு முன்பே அவர் கண்டறிந்து, அதன் பயனை ஈயத் தகட்டால் அழித்துவிடுகிறார். மக்கள் மிகுதியாகப் பணம் கட்டும் குதிரையை 'ஃபேவரிட்' என்பர். உலகெங்கும் பார்த்தால், அது ஏறத்தாழ மூன்று பந்தயங்களில் ஒன்றில்தான் வெல்லுகிறது.

அப்படியானால் குதிரையைப் பற்றிய அறிவு வீண்தானா? இல்லை. சுமை வகுப்பவரும் மனிதரே. அவர் கண்ணுக்கும் தப்புவன உண்டு. நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். உதகை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கிண்டியிலிருந்து நேற்று வந்து சேர்ந்த குதிரைக்கும், மூன்று வாரமாக இம்மலைக் காற்றை உண்டு பழகிய குதிரைக்கும் மூச்சில் வேறுபாடு இருக்கும் அன்றோ? மே மாதத்து மாலை மழை தரையை இளக்கிவிடும். இளகிய தரையில் 60 கிலோ சுமப்பது வேறு. காய்ந்த தரையில் சுமப்பது வேறு. முன்பு ஓடியது எந்தத் தூரம், இன்று எந்தத் தூரம்? உயர்ந்த வகுப்பில் தோற்றுத் தாழ்ந்த வகுப்புக்கு இறங்கியிருக்கிறதா? புறப்படும் வாயிலில் அதற்கு உட்புற இடமா, வெளிப்புற இடமா? எத்தனை நாள் ஓய்வுக்குப் பின் வருகிறது? பந்தயப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு விடை தேடுவது நல்லதோர் அறிவுப் பயிற்சி என்பதை நான் மறுக்க மாட்டேன். பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அப்போது அளவுக்கு மீறி வியர்த்து, தலையை ஆட்டி, சேணத்தோடு மல்லுக்கட்டும் குதிரை தன் வலிமையில் ஒரு பகுதியை அங்கேயே செலவழித்துவிடுகிறது. இதைப் பார்க்கக் கண் போதும், காசு வேண்டியதில்லை.

நளன் கதையில் இங்கே நினைவுகூரத்தக்க ஓர் இடம் உண்டு. சூதில் நாடிழந்த நளன், வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகிறான். குதிரைகளின் உள்ளம் அறிந்து செலுத்துவதில் அவனுக்கு நிகர் இல்லை. விதர்ப்ப நாட்டை நோக்கி விரையும் வழியில், ஒரு தான்றி மரத்தில் எத்தனை இலை, எத்தனை காய் என்று இருதுபன்னன் பார்த்த அளவிலே எண்ணிச் சொல்லுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. உடனே இருவரும் தத்தம் வித்தையை மாற்றிக்கொள்ள இசைகின்றனர். எண்ணும் வித்தை கைவந்ததும் நளனைப் பிடித்திருந்த கலி நீங்குகிறது. நான் பள்ளியில் இக்கதையைப் படித்தபோது இதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. குதிரையைப் பற்றி உலகிலேயே நன்கறிந்தவன் நளன். அவன் நாடிழந்தது எண்ணிக்கை தெரியாமையால்!

இனி என் கதை. என் தகப்பனார் குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுப்பது அவர் வேலைகளில் ஒன்று. நான் உதகையில் கல்லூரி மாணவன். தேர்வுக் கட்டணம் செலுத்துவதற்காக அவர் அனுப்பிய பணம் என் சட்டைப் பையில் இருந்த ஒரு சனிக்கிழமையில், நண்பன் ஒருவன் என்னைத் திடலுக்கு அழைத்துச் சென்றான். பெயர் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சாம்பல் நிறக் குதிரையின்மீது ஐந்து ரூபாய் கட்டினேன். அது வென்றுவிட்டது! முப்பது ரூபாய்க்கு மேல் கைக்கு வந்தது. அந்த வெற்றிதான் எனக்கு நேர்ந்த கேடு. அடுத்த மூன்று வாரங்களில் அந்த முப்பதும் போயிற்று. தேர்வுக் கட்டணமும் போயிற்று. கடைசித் தேதிக்கு நான்கு நாட்களுக்கு முன் ஊருக்குப் போய், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தகப்பனாரிடம் உண்மையைச் சொன்னேன்.

அவர் அடிக்கவில்லை, சிறிது நேரம் ஒன்றும் பேசவுமில்லை. பிறகு கேட்டார்:

"தம்பி, கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் எடை கழிக்கிறோமே, பார்த்திருக்கிறாயா?"

"பார்த்திருக்கிறேன், அப்பா."

"எவ்வளவு கழிக்கிறோம் என்பது இங்கே கொழுந்து பறிக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அரைக் கிலோ கூடுதலாகக் கழித்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். நீ மூன்று வாரம் பணம் கட்டினாயே, அங்கே எவ்வளவு கழிக்கிறார்கள்?"

நான் விழித்தேன். கழிவு என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. குதிரையின் தாய் தந்தையர் பெயர் தெரியும், ஜாக்கியின் பெயர் தெரியும், இது தெரியாது.

"தெரிந்துகொண்டு வந்து சொல்லு" என்றார். கட்டணம் எப்படியோ குறித்த நாளில் செலுத்தப்பட்டது. அவருடைய கைக்கடிகாரம் அடகுக் கடைக்குப் போயிருந்தது என்பது பல மாதங்களுக்குப் பின்னரே எனக்குத் தெரிய வந்தது.

அந்தக் கழிவின் கணக்கை இப்பொழுது உங்களுக்குச் சொல்லுகிறேன். திடலில் பணம் கட்டும் பொறிக்கு 'டோட்டலைசேட்டர்' என்று பெயர். சுருக்கமாக 'டோட்' என்பர். இம்முறை பாரிஸ் நகரில் 1860-களில் ஜோசப் ஓலர் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. ஜார்ஜ் ஜூலியஸ் என்னும் பொறியாளர் அமைத்த தானியங்கிப் பொறி 1913-இல் நியூசிலாந்தில் முதன்முதலாக இயங்கியது. முறை எளியது. எல்லாரும் கட்டிய பணம் ஒரே குவியலாகச் சேரும்; அதிலிருந்து கழகத்தின் பங்கும் வரியும் கழிக்கப்படும்; எஞ்சியதை வென்ற குதிரைமேல் கட்டியவர்கள் பகிர்ந்துகொள்வார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மொத்தக் குவியல் 10,000 ரூபாய் என்போம். கழிவு 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பகிர்வதற்கு எஞ்சுவது 8,000. ஃபேவரிட்டின்மீது 4,000 ரூபாய் விழுந்திருக்கிறது. அது வென்றால் ரூபாய்க்கு 2 ரூபாய் கிடைக்கும். யாரும் சீந்தாத ஒரு குதிரையின்மீது 200 ரூபாய் விழுந்திருக்கிறது. அது வென்றால் ரூபாய்க்கு 40 ரூபாய். கேட்டவுடன் நாவில் நீர் ஊறுகிறது அல்லவா? ஆனால் கூட்டத்தாரின் மதிப்பீடு சரியானால், முதற் குதிரை நூற்றுக்கு 40 தடவை வெல்லும். இரண்டாவது 2 தடவை வெல்லும். நாற்பது தடவை இரண்டு ரூபாய், ஆக 80. இரண்டு தடவை நாற்பது ரூபாய், அதுவும் 80. எந்தக் குதிரையின்மேல் கட்டினாலும், நூறு ரூபாய் சராசரியாக எண்பதாகத் திரும்புகிறது. அந்த எண்பதை மீண்டும் கட்டினால் அறுபத்துநான்கு. இப்படியே பத்துப் பந்தயம் சென்றால் சராசரியில் மிஞ்சுவது 11 ரூபாய்கூட இல்லை.

உண்மையில் கூட்டத்தின் மதிப்பீடு முற்றிலும் சரியாக இருப்பதில்லை. நம்மைப் போன்றோர், வெல்லும் வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகளின்மீது ஆசையால் தகுதிக்கு மீறிப் பணம் கட்டுகிறோம் என்பதை 1949-ஆம் ஆண்டிலேயே கிரிஃபித் என்னும் அமெரிக்க உளநூலார் எடுத்துக்காட்டினார். ஆகவே அந்த நாற்பது ரூபாய்க் குதிரை, நான் சொன்ன கணக்கைவிடவும் மோசமான பேரம்.

வரியும் இலேசானதன்று. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது குதிரைப் பந்தயத்தை 28 சதவீத அடுக்கில் வைத்தார்கள். 2025 செப்டம்பரில் அது 40 சதவீதமாயிற்று.

இவ்விடத்தில் சட்டம் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, "குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே!" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. 1974-இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. வழக்குகள் நெடுங்காலம் நடந்தன. பந்தயமும் நீதிமன்றத் தடையாணையின் நிழலில் நடந்துகொண்டிருந்தது. முடிவில் 1996 ஜனவரியில், டாக்டர் கே. ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில், குதிரையின் திறனும் பயிற்சியும் ஜாக்கியின் ஆற்றலும் ஆராய்ந்து அறியத்தக்கவை. ஆகவே இதில் தற்செயலைவிடத் திறமையே மேலோங்கியது. இது சூதாட்டச் சட்டத்தில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பை நான் மதிக்கிறேன். நான் மேலே சொன்ன வினாக்களே அதற்குச் சான்று. ஆனால் நீதிமன்றம் சொன்னது பந்தயத்தில் திறமைக்கு இடமுண்டு என்பது. உங்கள் திறமை, கழிவையும் தாண்டி இலாபம் தரும் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நம் எடுத்துக்காட்டில், நூற்றுக்கு 40 என்று கூட்டம் மதிப்பிட்ட குதிரை 50 தடவைக்கு மேல் வெல்லும் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் ஒரு காசு மிஞ்சும். அப்படி வென்றவர்களே இல்லையா? உண்டு. ஹாங்காங்கில் 1980-களில் பில் பெண்டர் என்ற அமெரிக்கர், பந்தய விவரங்களைக் கணிப்பொறியில் சேர்த்து, ஒவ்வொரு குதிரையின் வாய்ப்பையும் கணக்கிட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். தம் முறையை 1994-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். முதலில் அவரும் இழந்தே கற்றார். முழுநேரத் தொழிலாகப் பல்லாண்டு உழைத்தவர் அவர். பையில் தேர்வுக் கட்டணத்தோடு சனிக்கிழமை மட்டும் போய் நின்றவன் நான்.

திடலில் இலவசமாகக் கிடைக்கும் உபாயங்களில் ஒன்றைமட்டும் சொல்லிவிடுகிறேன். 'தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டு; எப்படியும் ஒரு நாள் வெல்லுவாய்' என்பார்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு எனக் கட்டி நான்கு முறை தோற்றால் போனது 15 ரூபாய். ஐந்தாம் முறை 16 கட்டி வென்று, ரூபாய்க்கு இரண்டு கிடைத்தால் இலாபம் ஒரே ஒரு ரூபாய். ஃபேவரிட் ஒன்றரை ரூபாயே கொடுத்தால், வென்ற பிறகும் 7 ரூபாய் நட்டம்! மூன்றில் ஒரு தடவை வெல்லும் குதிரைகளைப் பின்பற்றுபவன் தொடர்ந்து பத்து முறை தோற்பது ஏறத்தாழ 58-இல் ஒரு வாய்ப்பு. அது வரும்போது அவன் 1,023 ரூபாய் இழந்து, அடுத்து 1,024 ரூபாய்க்கு யாரிடம் கைநீட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பான். 'உள் செய்தி' விற்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வெல்லும் குதிரையை உண்மையில் அறிந்தவன் அதை ஐந்து ரூபாய்க்கு ஏன் விற்கிறான் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு நான் சொல்லும் யோசனை வேறு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பந்தயம் தொடங்குமுன், எந்தக் குதிரை, ஏன், எவ்வளவு என்று எழுதுங்கள். காசு கட்ட வேண்டாம். பந்தயம் முடிந்தபின் வரவு செலவைப் பதியுங்கள். எழுதியதை அழிக்கக் கூடாது. 'இதைத்தான் நினைத்தேன்' என்று பின்னால் சேர்க்கவும் கூடாது. அந்த ஆண்டுக்குப் பிறகு நான் பல ஆண்டுகள் அப்படி எழுதி வந்தேன். இலாபத்தில் முடிந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் தரை இளகினால் எந்தக் குதிரை தளரும் என்பதில் என் கணிப்பு மெல்ல மெல்லத் திருந்தியது. அந்த மகிழ்ச்சிக்கு நான் கொடுத்த விலை, நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.

உதகையில் இனி அப்படி நின்று எழுத இயலாது. குத்தகை பாக்கி குறித்த நெடுவழக்கின் தொடர்ச்சியாக 2024-இல் அரசு அந்தத் திடலை, ஐம்பத்திரண்டு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, மீட்டுத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டில் கிண்டித் திடலின் குத்தகையையும் அரசு இரத்துச் செய்தது. வேறு மாநிலங்களில் பந்தயங்கள் நடைபெறுகின்றன. விதிகளும் கழிவுகளும் இடத்துக்கு இடம் மாறும். கணக்கிடும் வழி மாறாது.

தகப்பனாருக்கு நான் சொல்லவேண்டிய விடை பாக்கியிருக்கிறது. திடலில் நாலு பேரைக் கேட்டு, டோட் எழுத்தர் ஒருவரிடமும் விசாரித்து, ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். அவர் அதே கொட்டகையில் நிறுத்துக்கொண்டிருந்தார். "வரியும் கழகமும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கழிக்கிறார்கள், அப்பா" என்றேன். அவர் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐந்து கூடைக்கு ஒரு கூடையா!" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அடுத்த கூடையை மாட்டச் சொல்லிவிட்டு, எடையைக் குறித்துக்கொள்ளப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.